வெளிநாட்டில் ஆசிரியர் வேலை: விமான நிலையத்திலிருந்து முதல் சம்பளச் சீட்டு வரை

சம்பளம் போட வங்கிக் கணக்கு எண் கேட்பார்கள். வங்கிக்குப் போனால் வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டை எங்கே என்பார்கள். அட்டைக்கு முகவரிச் சான்று வேண்டும். முகவரிக்கு வீடு பிடிக்க வேண்டும்; வீட்டுக்காரரோ உள்ளூர் தொலைபேசி எண்ணும் சம்பளச் சான்றும் கேட்பார். எண் வாங்கக் கடைக்குப் போனால் அங்கேயும் குடியிருப்பு அட்டை. புதிதாக வந்து இறங்கும் ஆசிரியர்கள் முதல் மூன்று வாரத்தில் துவண்டுபோவது இந்தச் சுற்றில்தான். பாடம் நடத்துவது கைவந்த வேலை. இந்த அலைச்சல் அப்படியல்ல.

சுற்றை எந்த இடத்தில் வெட்டுவது என்று புறப்படும் முன்பே தெரிந்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெரும்பாலான நாடுகளில் அந்த இடம், பள்ளி தரும் ஒரே ஒரு கடிதம். அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், பதவி, வேலையில் சேரும் தேதி, மாதச் சம்பளம், ஒப்பந்தக் காலம், தற்காலிக முகவரி எல்லாம் இருக்க வேண்டும். உள்ளூர் மொழியில், முத்திரையும் கையெழுத்துமாக ஐந்து அசல் பிரதிகள் கேளுங்கள். ஒன்று வங்கிக்கு, ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று குடியேற்ற அலுவலகத்துக்கு. மிச்சம் இரண்டும் நிச்சயம் எங்காவது செலவாகும். நீங்கள் வந்து சேரும் அன்றே கடிதம் கையில் கிடைக்கும்படி பத்து நாள் முன்னதாகவே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பள்ளி அலுவலகங்கள் விடுமுறை முடிந்து திறக்கிற வாரத்தில் எதையும் சட்டென்று தருவதில்லை.

புறப்படும் முன்: காகிதம், பெயர், எஸ்எம்எஸ்

பட்டச் சான்றிதழும் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் அந்த நாட்டில் செல்லுபடியாக வேண்டுமானால் மேலொப்பம் வேண்டும். வெளிநாட்டு ஆவணங்களை ஏற்பதற்கான 1961-இன் ஹேக் உடன்படிக்கை உங்கள் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் இடையே நடப்பில் இருந்தால் அப்போஸ்டில் என்கிற ஒரே முத்திரை போதும். அப்படி இல்லாவிட்டால் சொந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்த நாட்டின் தூதரகம் என்று படிப்படியாக ஏறி இறங்க வேண்டும். அதற்குச் சில வாரம் பிடிக்கும். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் இந்த உடன்படிக்கைக்குள் வந்தன. அதனால் அதற்கு முன் போனவர்கள் சொல்லும் நடைமுறை இன்றைக்குச் சரிவராது. தூதரகத்தின் இன்றைய பக்கத்தைப் பார்த்துச் செய்யுங்கள். நன்னடத்தைச் சான்றுக்குக் காலாவதி உண்டு. மூன்று மாதத்துக்குள் அல்லது ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆகவே பட்டத்தின் வேலையை முதலில் முடித்து, நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் எடுப்பதே சரியான வரிசை.

சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதன் விரிவு என்று இருந்தால் அங்குள்ள எழுத்தருக்கு இருவேறு ஆட்களாகத்தான் தெரியும். இரண்டும் ஒரே நபர் என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை நோட்டரியிடம் வாங்கி, அதற்கும் மேலொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விசாவில் ஒரு மாதிரி, விமானச் சீட்டில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி என்று பெயர் பிரிந்துவிட்டால் சம்பளப் பணம் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போகும். விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதே வடிவத்தை எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் கொடுங்கள்.

பலரும் மறப்பது ஓடிபி. சொந்த நாட்டு வங்கி, வரிக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாம் பழைய கைபேசி எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த சிம்மில் ரோமிங்கைப் புறப்படும் முன்பே திறந்து வையுங்கள். போன பிறகு அதைத் திறக்கவே ஒரு ஓடிபி கேட்டால் கதை முடிந்தது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண்ணே வேறொருவருக்குப் போய்விடும். கைபேசியில் இரண்டு சிம் போட முடிந்தால், அல்லது இ-சிம் வசதி இருந்தால், சிக்கல் இல்லை.

மருந்து விஷயத்தில் நல்லெண்ணம் செல்லுபடியாகாது. சாதாரணச் சளி மருந்துகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன்னனுமதி வேண்டும். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடும் டப்பாவோடும், மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்) எழுதிய மருத்துவர் சீட்டோடும் கைப்பையிலேயே வையுங்கள்.

மின்சாதனம் எதற்கும் அவசரப்பட வேண்டாம். ஜப்பானில் 100 வோல்ட். 220 வோல்ட் கெட்டிலை அங்கே மாட்டினால் அதன் சூட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். மடிக்கணினி, கைபேசி சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி ஒன்றே போதும்.

போட்டோக்களில் அலட்சியம் வேண்டாம். பெரும்பாலான அலுவலகங்கள் கேட்பது 35×45 மில்லிமீட்டர்; சீனாவில் 33×48; அமெரிக்காவில் 51×51. வெள்ளைப் பின்னணியில் பத்துப் பிரதியும், கைபேசியில் அதன் கோப்பும் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் படிக்க வேண்டிய வரிகள்

வாரம் 24 பாடவேளை என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். 40 நிமிடப் பாடவேளை என்றால் அது 16 மணி நேரம். ஒப்பந்தத்தைப் புரட்டினால் பள்ளியில் இருக்க வேண்டிய நேரம் வாரம் 40 மணி என்று இருக்கும். மீதி 24 மணி நேரத்தில் பதிலி வகுப்பு எத்தனை, மைதானக் காவல் எத்தனை, சனிக்கிழமை நிகழ்ச்சி எத்தனை என்பதற்கு உச்சவரம்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிராத நேரமெல்லாம் பள்ளியின் நேரம்.

அடுத்து, சம்பளம் பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்பா? விமானக் கட்டணத்தை எப்போது தருவார்கள்? ஆண்டு முடிந்த பிறகுதான் என்றால் அதுவரை உங்கள் கைக்காசு. சோதனைக் காலத்தில் விலகினால் எதைத் திருப்பிக் கட்ட வேண்டும்? பாஸ்போர்ட்டைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டா? விசா வேலைக்காக ஓரிரு வாரம் கொடுக்க நேரலாம். அப்போது கைச்சீட்டு வாங்குங்கள், திரும்பத் தரும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகும் அவர்களிடமே இருக்கட்டும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"முதலில் சுற்றுலா விசாவில் வாருங்கள், இங்கே மாற்றித் தருகிறோம்" என்று ஒரு பள்ளி சொன்னால், அந்த மாற்றத்தை நாட்டின் சட்டம் அனுமதிக்கிறதா என்று தூதரகத்தில் கேளுங்கள். தவறானால் அபராதம் பள்ளிக்கு, நாடுகடத்தல் உங்களுக்கு.

முதல் பதினான்கு நாள்

குடியேற்றக் கவுண்டரில் முத்திரை விழுந்ததும் அங்கேயே நின்று பாருங்கள்: விசா வகை, அனுமதித்த நாள் கணக்கு, பெயர் எழுத்து. கவுண்டரை விட்டு நகர்ந்த பிறகு அதைத் திருத்த ஒரு முழு நாள் போகும்.

பதிவுக் கெடு நாட்டுக்கு நாடு மாறும். சீனாவில் விடுதியில் தங்காதவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். குடியிருப்பு அனுமதிக்கு, நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானில் குடியிருப்பு அட்டையைப் பெரிய விமான நிலையங்களிலேயே கொடுத்துவிடுவார்கள். ஆனால் வீட்டுக்குக் குடிபோன 14 நாளுக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியை எழுதி வாங்க வேண்டும். ஜெர்மனியிலும் இரண்டு வாரம்தான். தென் கொரியாவில் வெளிநாட்டவர் பதிவுக்கு 90 நாள் இருக்கிறது. ஆனால் அட்டை கையில் வராமல் வங்கி வேலையும் கைபேசி இணைப்பும் இழுபடும் என்பதால், முதல் வாரத்திலேயே நேரம் முன்பதிவு செய்யாதவர்கள் பின்னால் வருந்துகிறார்கள்.

தற்காலிகத் தங்குமிடத்தை இரண்டு வாரத்துக்குப் போடுங்கள். அந்த முகவரியில் பதிய எழுத்தில் சம்மதம் தருவீர்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். குறுகிய கால வாடகை வீடுகள் பலவற்றில் தர மாட்டார்கள். அட்டை, வங்கி, சம்பளம் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

மருத்துவப் பரிசோதனை பல நாடுகளில் கட்டாயம். மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் என்று போகும். பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால் மேற்சோதனைக்கு அனுப்புவார்கள். சிகிச்சை முடித்த சான்றும் பழைய எக்ஸ்ரேயும் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். வாரக்கணக்கில் இழுக்க வேண்டியது ஒரே நாளில் முடியலாம். பள்ளிக் காப்பீடு சேர்ந்த நாளிலிருந்தே தொடங்குகிறதா என்றும் விசாரியுங்கள். அட்டை வந்த பிறகுதான் என்றால் இடைப்பட்ட நாட்களுக்குப் பயணக் காப்பீட்டை நீட்டி வைக்க வேண்டும்.

சீனாவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: கூகுள் சேவைகளும் வாட்ஸ்அப்பும் அங்கே தடுக்கப்பட்டவை. வரைபடம், மொழிபெயர்ப்புச் செயலி, பாடக் கோப்புகள் எல்லாவற்றையும் இணையம் இல்லாமலே திறக்கும்படி இறக்கி வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள். அன்றாடம் கடையில் பணம் கட்டக் கைபேசிச் செயலிகளான வீசாட்டும் அலிபேயும்தான்.

வண்டி ஓட்டும் எண்ணம் இருந்தால்: சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஜப்பான் ஏற்கும், ஆனால் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி கொடுத்ததை மட்டும். சீனா எதையும் ஏற்பதில்லை.

வீடு பார்க்கும்போது

ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்த வீடு திங்கட்கிழமை காலையில் வேறு வீடு. வேலை நாளில், பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில், வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். வரைபடம் 25 நிமிடம் என்று காட்டுவது பேருந்து வந்து நின்ற பிறகுள்ள 25 நிமிடம்.

உள்ளே போனால் கை நீட்டிச் சோதிக்க வேண்டும். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒரே சமயத்தில் திறந்து, இரண்டிலும் நீர் எவ்வளவு விசையாக வருகிறது, வெந்நீர் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். கைபேசிச் சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் சொருகுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினால் பின்னால் பூஞ்சை இருக்கிறதா என்று தெரியும்; புதுப் பெயின்ட் வாசனை ஒரு மூலையில் மட்டும் அடித்தால் அங்கேதான் ஒழுகுகிறது. கதவைச் சாத்திவிட்டு இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பக்கத்து வீட்டுச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று அப்போதுதான் புரியும்.

பணக் கணக்கு: டெபாசிட் இரண்டு மாதம், முன்வாடகை ஒரு மாதம், தரகுக் கூலி ஒரு மாதம் என்றால், சாவி வாங்கும் அன்று நான்கு மாத வாடகை போய்விடும். ஜப்பானில் 'ரெய்கின்' என்று வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத தொகை ஒன்றும் சில வீடுகளுக்கு உண்டு. குடிபோன அன்றே எல்லா அறையையும், சுவர்க் கீறல்களையும், மின், நீர் மீட்டர்களின் எண்ணையும் ஒரே வீடியோவாக எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். டெபாசிட் தகராறு இரண்டு ஆண்டு கழித்து வரும். அப்போது தேதியோடு பேசுவது அந்த மின்னஞ்சல்தான்.

கையில் எவ்வளவு பணம்?

முதல் தேதி சேர்ந்தால் மாதக் கடைசியில் சம்பளம் என்று எண்ண வேண்டாம். சம்பளப் பட்டியல் மாத நடுவிலேயே மூடப்பட்டிருந்தாலோ, வங்கிக் கணக்கு தாமதமானாலோ, முதல் தொகை இரண்டாம் மாத இறுதியில்தான் வரும். இரண்டு மாதச் செலவும், மேலே சொன்ன வீட்டுத் தொகையும் தனித்தனியாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே அட்டையில் வைக்காதீர்கள்: இரண்டு வேறு வங்கிகளின் அட்டைகள், பத்து நாள் செலவுக்கு ரொக்கம். சம்பள முன்பணம் தருவீர்களா என்று பள்ளியில் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பல பள்ளிகளில் அந்த ஏற்பாடு உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது "கட்டணமே இல்லை" என்ற பலகையில் மயங்காதீர்கள். மாற்று விகிதத்தில் 2 சதவீதம் குறைத்துக் கொடுத்தால் ஆயிரத்துக்கு இருபது போயிற்று. இந்தத் தொகை அனுப்பினால் அந்தப் பக்கம் கடைசியில் எவ்வளவு கிடைக்கும் என்ற ஒரே கேள்வியை மூன்று இடத்தில் கேட்டு ஒப்பிடுங்கள்.

பள்ளிக்குள்

கல்வியாண்டு ஜப்பானில் ஏப்ரலிலும், தென் கொரியாவில் மார்ச்சிலும், ஆஸ்திரேலியாவில் ஜனவரி இறுதியிலும் தொடங்கும். நீங்கள் நடுவில் சேர்கிறீர்கள் என்றால், முன்பு இருந்தவர் எதுவரை நடத்தினார் என்பதைப் பாடத்திட்டத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். நடுத்தர மாணவர் மூவரின் நோட்டைப் புரட்டினால் உண்மை தெரியும். வகுப்புப் பெயரும் ஏமாற்றும். பிரிட்டிஷ் முறையின் 10-ஆம் ஆண்டு அமெரிக்க முறையில் 9-ஆம் வகுப்பு. மதிப்பெண்ணும் அப்படியே: ஜெர்மனியில் 1 உச்சம், 6 கடைசி, ரஷ்யாவில் 5தான் உச்சம்.

சிவப்புப் பேனாவைத் தொடும் முன் ஒரு நிமிடம். ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள்; நாம் சரி என்று போடும் டிக் குறி அங்கே தப்பு என்ற பொருள். முப்பது நோட்டையும் டிக் போட்டுத் திருத்திக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் ஏன் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விழித்தால் பயனில்லை. கொரியாவில் ஒருவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவது சாவோடு சேர்த்து எண்ணப்படுவது. கணக்கு ஆசிரியர்களுக்கு இன்னொன்று: ஜெர்மனியிலும் பிரான்சிலும் தசமத்துக்குக் காற்புள்ளிதான் இடுவார்கள். ஜெர்மன் மாணவர் 1.000 என்று எழுதினால் ஆயிரம். அவர் எழுதும் 1-க்கு மேலே நீண்ட கொக்கி இருக்கும். முதல் வாரம் அதை 7 என்று படித்து மதிப்பெண்ணைக் குறைப்பீர்கள். அவருடைய 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு உண்டு, அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்குள் நுழையும் முன் பள்ளியின் மாணவர் பாதுகாப்பு விதியை முழுதாகப் படியுங்கள். மாணவரோடு தனி அறையில் இருக்கலாமா, தொடலாமா, படம் எடுக்கலாமா, சொந்தக் கைபேசியிலிருந்து செய்தி அனுப்பலாமா, ஒரு பிள்ளை வீட்டுத் துன்பத்தைச் சொன்னால் யாரிடம் எத்தனை மணிக்குள் தெரிவிக்க வேண்டும்? இதில் 'எங்கள் ஊரில் இப்படித்தான்' என்பது எடுபடாது. பாராட்டி முதுகில் தட்டிக்கொடுப்பதுகூடச் சில இடங்களில் விசாரணையில் போய் முடியும்.

முதல் வகுப்பு 40 நிமிடம் என்றால் இப்படிப் பிரிக்கலாம். வாசலில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, இருக்கை வரைபடத்தில் உங்களுக்குப் புரியும் எழுத்தில் குறித்துக்கொள்ள 5 நிமிடம். மூன்று விதி, மூன்றே விதி, பலகையில் எழுத 4 நிமிடம். பிறகு 24 நிமிடம் போன ஆண்டுப் பாடத்திலிருந்து ஐந்து கேள்விகள், தனித்தாளில். கடைசி 7 நிமிடத்தில் தாளை வாங்கி, நான்காவது கேள்வியை மட்டும் சேர்ந்து போட்டுப் பார்ப்பது. உங்களைப் பற்றிய அறிமுகம் இரண்டு வரி போதும். அந்த ஐந்து கேள்வித் தாள்தான் அடுத்த ஒரு மாதத்துக்கு உங்கள் வரைபடம்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். மொழியும் ஆசிரியரும் புதிதாக இருக்கும் வகுப்பில் எல்லாத் தலையும் ஆடும். "முதலில் என்ன செய்யப் போகிறாய், காட்டு" என்று கேளுங்கள். கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரத்தை 1970களில் அளந்து பார்த்த அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடியாக்கியதும் விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். உங்கள் உச்சரிப்பு பழகாத பிள்ளைகளுக்கு ஐந்து வினாடியே கொடுக்கலாம். கட்டளைகளைச் சிறு வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒன்றாக, பலகையிலும் எழுதிக் கொடுங்கள்.

குரலைக் காப்பாற்றுங்கள். விடுமுறை கழித்துத் தொண்டை பழகாமல், புதுக் காற்றில், ஏசி அறையில் ஒரு நாளைக்கு ஐந்து பாடவேளை கத்தினால் இரண்டாம் வாரம் குரல் அடைக்கும். சத்தத்தை மீறிப் பேசுவதற்குப் பதில் கை தட்டும் தாளம், உயர்த்திய கை என்று ஏதாவது ஒரு சைகையை முதல் நாளே பழக்கிவிட வேண்டும்.

இரண்டாவது மாதம்

வேலை அலைச்சல் தீர்ந்து, வீடு கூடி, எல்லாம் சரியாகிவிட்ட பிறகுதான் மனம் சரியும். எதைப் பார்த்தாலும் எரிச்சல், தூக்கம் கெடுதல், சனிக்கிழமை முழுக்கப் படுக்கையில் கைபேசியோடு கிடப்பது. மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-லேயே இதைக் கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறார்; முதல் பரவசம் தேய்ந்ததும் வருகிற கட்டம் இது. இந்த நாட்களில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம், பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஓரிடத்துக்குப் போங்கள்: மொழி வகுப்போ, விளையாட்டுக் குழுவோ, நூலகமோ. ஒரே முகத்தை நான்காவது முறை பார்க்கும்போதுதான் பேச்சு தொடங்கும். இரண்டு மூன்று வாரமாகியும் எழுந்து வேலைக்குப் போகவே முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். காப்பீட்டில் மனநல ஆலோசனை உண்டா என்பதைச் சேரும்போதே விசாரித்து வைப்பது நல்லது.

முதல் சம்பளச் சீட்டு

சீட்டு வந்ததும் ஒப்பந்தத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்களா, வகுப்பு தொடங்கிய தேதியிலிருந்தா? அறிமுகப் பயிற்சி வாரத்துக்குச் சம்பளம் விழுந்திருக்கிறதா? வீட்டுப்படி தனி வரியாக இருக்கிறதா? வருமான வரி எந்தப் பிரிவில் பிடித்திருக்கிறார்கள்? ஓராண்டில் 183 நாள் தங்கினால் வரிக்கு உள்ளூர்வாசி என்ற எல்லையைப் பல நாடுகள் வைத்திருக்கின்றன. உங்கள் நாட்டோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் அதற்கான படிவத்தைச் சம்பளப் பிரிவில் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். ஓய்வூதியப் பிடித்தம் இருந்தால், நாட்டை விட்டுப் போகும்போது திரும்பக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். ஜப்பானில் தகுதியுள்ளவர்கள் கிளம்பிய இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். தவறு ஏதாவது இருந்தால் தலைமையாசிரியரிடம் போகாமல் சம்பளப் பிரிவில் உள்ளவருக்கு எழுதுங்கள். ஒரு மின்னஞ்சலில் ஒரு பிழை, ஒப்பந்தத்தின் எந்தப் பத்தி, எவ்வளவு தொகை. அடுத்த பட்டியல் மூடும் தேதிக்கு முன் போய்ச் சேர்ந்தால் அடுத்த மாதமே திருத்தி வரும்.